குளிக்காமல் வரச் சொன்னார்கள்

1

நான் இந்த ஊருக்கு வந்து இறங்கிய அதே தேதி போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து போனது. பாரிஸுக்கு வெளியே, ரயிலில் வந்தால் கடைசிக்கு முந்தின நிறுத்தம். வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. வீட்டுக்காரர் வேலை முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். மகள் லீனாவுக்குப் பரீட்சை. நான் துப்புரவு வேலை செய்கிற ஆபீஸில் கழிவறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே தோன்றியது. தோன்றியதும் ஒன்றும் ஆகவில்லை. வாளித் தண்ணீரை மாற்றிக்கொண்டு அடுத்த மாடிக்குப் போனேன்.

அன்றைக்குத்தான் அமலியிடமிருந்து வாட்ஸப்பில் குரல் செய்தி வந்தது. அமலி என் தங்கை. மரக்காணத்தில் உப்பளத்தில் கூலி வேலை. எப்போதும் லீனாவை விசாரிப்பாள், குளிரை விசாரிப்பாள், பிறகுதான் விஷயத்துக்கு வருவாள். இந்தத் தடவை எடுத்ததுமே குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

“அக்கா, உனுக்குக் கீழ அரிப்பு வந்துச்சுன்னியே, உள்ள வெக்கிற மாத்திரைன்னு ஒண்ணு குடுத்தாங்கன்னியே, அத்த போட்டோ எடுத்து அனுப்பு. இங்க மெடிக்கல்ல வாங்குனது கேக்கல. எனுக்கும் அதேதான்னு நெனைக்கிறேன்.”

அந்தப் போட்டோ என் போனிலேயே இருந்தது. அனுப்ப ஒரு நிமிஷம் ஆகாது. நான் அனுப்பவில்லை. நான் எதற்கும் பயப்படுகிறவள். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்து பார்க்கிற ஆள். அமலியின் குரலைக் கேட்டதும் புற்றுநோய், சர்க்கரை, கர்ப்பப்பை என்று வரிசையாக வந்து நின்றன. இந்தப் பயம் எல்லாம் எனக்குப் பழக்கம்தான். வந்து நிற்கும், நான் பாட்டுக்கு வேலை பார்ப்பேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இதையெல்லாம் எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை. ஊரில் இதைப் படிக்கிற அக்கா தங்கைகளில் யாராவது ஒருத்தி இப்போது இதே கேள்வியை யாரிடமாவது ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருப்பாள், அதனால் எழுதுகிறேன். அமலி என்பது அவள் பெயர் இல்லை. எழுதட்டுமா என்று கேட்டேன். பேரை மட்டும் மாற்றிப் போடு என்றாள்.

2

அளத்தில் வேலை பார்க்கிற பெண்களுக்கு இடுப்புக்குக் கீழே எரிச்சல், அரிப்பு என்பதெல்லாம் ஒரு சேதியே கிடையாது. பொங்கல் கழிந்து மழை வரும்வரை வேலை இருக்கும். உப்புத் தண்ணீரில் நனைந்த பாவாடை வெயிலில் காய்ந்து அட்டை மாதிரி விறைத்துத் தொடையில் உரசும். தலையில் கூடை, உடம்பு முழுக்க வேர்வை. ஒதுங்குவதற்கு இடம் இல்லை என்பதால் தண்ணீரே குடிக்க மாட்டோம். இதில் எந்த எரிச்சல் எதனால் வந்தது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. பாத்தித் தண்ணீரை ஒரு சொம்பில் மொண்டுகொண்டு வேலிக்காத்தான் புதர் மறைவுக்குப் போய்க் கழுவிப் பார்க்க வேண்டும். சுருக்கென்று பிடித்தால் புண். தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் அரிப்பு மட்டும் இருந்தால் சூடு. வெந்தயம் ஊறவைத்துக் குடித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஒரு கை கல்லுப்பு போட்ட தண்ணீரில் கழுவ வேண்டும். புண், சூடு. மூன்றாவதாக ஒன்று எங்களுக்குத் தெரியாது.

அமலி வயதுக்கு வந்த புதிதில் ஒருதடவை, இதுக்கு டாக்டர்கிட்டப் போகலாமா என்று கேட்டுவிட்டாள். எங்களோடு வேலை செய்த அற்புதம் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

“உப்புல போட்டா மீனே கெடாம கெடக்குது. நீ கெட்டுப் பூடுவியாடி?”

எல்லோரும் சிரித்தோம். அமலியும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் கேட்டதில்லை.

3

எனக்கு இங்கே வந்த கதையைச் சொல்கிறேன். போன குளிர்காலத்தில் கடைவாய்ப் பல் வீங்கி, பல் டாக்டர் ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தார். பல் வலி போனது. மாத்திரை தீர்ந்த கையோடு கீழே அரிப்பு ஆரம்பித்தது. உட்கார முடியவில்லை. சிறுநீர் போனால் எரிந்தது. உள்ளாடையில் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக வெள்ளை.

நான் என்ன செய்தேன்? உப்பு எடுத்தேன். குளியல் தொட்டியில் வெந்நீர் விட்டு, சமையலறையில் இருந்த உப்புப் பொட்டலத்தை அப்படியே கொட்டி அதில் உட்கார்ந்து பார்த்தேன். பாரிஸில் வேலிக்காத்தான் ஒன்றுதான் குறைச்சல். உயிர் போகிற மாதிரி பிடித்தது. சரி, புண். எண்ணெய் தடவினேன். கேட்கவில்லை. மருந்துக்கடையில் போய், வாயால் சொல்லத் தெரியாமல், விளம்பர அட்டையில் இருந்த ஒரு களிம்பைக் கையால் காட்டி வாங்கி வந்து அதையும் தடவினேன். இன்னும் மோசமானது. புற்றுநோய்தான் என்று முடிவு கட்டி, யாரிடமும் சொல்லாமல் சமைத்துக்கொண்டும் துடைத்துக்கொண்டும் இருந்தேன். நான் நடக்கிற விதத்தைப் பார்த்து லீனாதான் கேட்டாள். அவளே போனில் பெண் டாக்டரிடம் நேரம் வாங்கினாள்.

டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். “மதாம் சவரிமுத்து” என்று கூப்பிட்டார்கள். சவரிமுத்து என் அப்பா. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னபோது அவர் பெயர் என் குடும்பப் பெயராகிவிட்டது. என் வீட்டுக்காரர் புதுச்சேரியில் சொல்தா குடும்பம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள். அவர் குடும்பப் பெயரை என் மருத்துவ அட்டையில் ஏற்றச் சொல்லி எத்தனையோ தடவை எழுதிப் போட்டும் மாறவில்லை. உப்பு அள்ளி அள்ளிச் செத்துப்போன மனுஷனை இந்த இடத்துக்குக் கூப்பிடுகிறார்களே என்று நினைத்துக்கொண்டே எழுந்து போனேன்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு லீனாவிடம் என்னவோ கேட்டார். லீனா என்னிடம், “என்ன போட்டீங்கன்னு கேக்கறாங்கம்மா” என்றாள்.

“உப்பு.”

லீனா அதைச் சொன்னாள். டாக்டருக்குப் புரியவில்லையா, நம்பவில்லையா தெரியாது, அவள் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. தோல் வெந்துபோய் இருக்கிறது, மேலே எண்ணெயும் களிம்புமாக இருக்கிறது, இதில் உள்ளே என்ன நோய் என்று எப்படிப் பார்ப்பது, மாதிரி எடுத்தாலும் ஒன்றும் தெரியாது என்றார் டாக்டர். சில நாள் எதையும் போடாதே, வெளியே வெறும் தண்ணீரில் மட்டும் கழுவு, உள்ளே கழுவவே கழுவாதே, வருகிற அன்று காலையில் அதுவும் வேண்டாம், இருக்கிறபடியே வா என்றார்.

குளிக்காமல், கழுவாமல், ஒரு அந்நியப் பெண் முன்னால் காலை அகட்டிப் படுக்க வேண்டும். வெட்கத்தில் எனக்கு அந்த வாரம் சாப்பாடு இறங்கவில்லை. லீனா சிரித்தாள்.

“அது ஒரு உறுப்பும்மா. காது மாதிரி. காது வலின்னா காதைத் தேய்ச்சுக் கழுவிட்டா டாக்டர்கிட்டப் போவீங்க?”

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிரெஞ்சில் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் சொல்வாள். தமிழில் அதற்கு என்ன என்று என்னைக் கேட்டாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அம்மா எனக்குச் சொன்னதில்லை. நான் இவளுக்குச் சொல்லவில்லை. இனி இவள் கேட்கவும் மாட்டாள் என்று நினைக்கிறேன். இங்கே எழுதி வைக்கிறேன்: பெண்ணுறுப்பு. நான் அதை எழுதுவது இதுதான் முதல் தடவை.

இரண்டாவது தடவை போனபோது பஞ்சு சுற்றிய குச்சியால் மாதிரி எடுத்தார்கள். வலிக்கவில்லை. சின்னக் காகிதத் துண்டில் தொட்டு நிறம் பார்த்தார்கள். மீதியைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்க அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டர் சொன்னதை லீனா தமிழாக்கினாள்: “உங்களுக்கு உள்ள காளான் இருக்காம்.” நான் பயந்துவிட்டேன். அவர்கள் மொழியில் பூஞ்சைக்கும் காளானுக்கும் ஒரே வார்த்தையாம். புற்றுநோய் இல்லை என்று புரிவதற்கே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தபோதும் சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை. லீனா என் கோட்டை எடுத்துக் கொடுத்தாள், மாட்டிக்கொண்டேன்.

4

டாக்டர் சொன்னதில் எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன்.

இந்தப் பூஞ்சை நம் உடம்பிலேயே கொஞ்சம் இருக்கிறதுதான். அதை அடக்கி வைக்க நல்ல கிருமிகள் இருக்கின்றன. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் அந்த நல்ல கிருமிகளும் செத்துப் பூஞ்சை பெருகிவிடும். கர்ப்பமாக இருக்கும்போதும் வரும், சர்க்கரை நோய் இருந்தாலும் வரும். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரைக்கு ரத்தம் பார்க்க வேண்டும். எனக்கும் பார்த்தார்கள், இல்லை. ஈரத் துணியோடே இருந்தாலும் அதற்குக் கொண்டாட்டம். பொதுவாகப் புருஷனிடமிருந்து வருகிற நோய் இல்லை இது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் வரும்.

அரிப்பும் எரிச்சலும்தான் பெரிதாக இருக்கும். வெள்ளை கெட்டியாக, தயிர்க் கட்டி மாதிரி இருக்கும், பெரும்பாலும் நாற்றம் இருக்காது. தண்ணியாக, சாம்பல் நிறமாக, மீன் கவிச்சி அடித்தால் அது வேறு. மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்துக்கொண்டு வந்தால் அது இன்னொன்று. ஆனால் எல்லாருக்கும் இப்படிச் சொல்லி வைத்த மாதிரி வராது, ஒன்றோடு ஒன்று கலந்தும் வரும், பார்த்து மட்டும் சொல்ல நானே துணிய மாட்டேன் என்றார் அந்த டாக்டர். அதனால்தான் மாதிரி எடுப்பது. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றைக் கேட்காது. ஒரு தடவை வந்தவள், அடுத்து எது வந்தாலும் அதே என்று நினைத்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வாள், அதில் பாதிப் பேர் தப்பாகத்தான் நினைக்கிறார்கள் என்றும் சொன்னார்.

போட்டோவை அனுப்பாமல் அமலியைக் கூப்பிட்டது இதனால்தான்.

5

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டேன். அங்கே அவள் வேலை முடித்து வீட்டில் இருந்தாள். என்ன நிறம், நாற்றம் உண்டா என்று கேட்டேன். மஞ்சளும் பச்சையுமாக இருக்கிறது, நுரைக்கிறது, நாற்றமும் இருக்கிறது என்றாள். உடனே, அளத்தில் எதுதான் நாறவில்லை என்று அவளே சேர்த்துக்கொண்டாள். பாத்தித் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், ரொம்பப் பிடிக்கவில்லை, அப்போது சூடுதானே, நீ சொன்ன பூஞ்சையும் சூட்டில் வருவதுதானே என்றாள்.

அவள் வீட்டுக்காரர் லூர்து உப்பு லாரி ஓட்டுகிறார். லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திரா, கர்நாடகா என்று போனால் வாரக் கணக்கில் வர மாட்டார். நல்ல மனுஷன் என்று ஊரில் பெயர். எனக்கும் அப்படித்தான் தெரியும். அவரை நினைத்துக்கொண்டேன். அவள்தான் கேட்டாள்.

“உனுக்கு வந்தது புருஷன்கிட்டேந்து வர்றது இல்ல இல்லக்கா?”

“இல்லடி. அது தானா வர்றது.”

“அப்ப எனுக்கும் அதுதான். நீ போட்டோ அனுப்பு.”

அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. மருந்து இல்லை அது. என் நோய் அவளுக்கு வேண்டும். என் நோயாக இருந்துவிட்டால் அவள் வீட்டில் எதுவும் மாற வேண்டியதில்லை.

கடையில் வாங்கியதை வைக்காதே, திண்டிவனத்தில் ஆஸ்பத்திரியில் போய்க் காட்டு, சில நாள் எதுவும் போடாமல் இருந்து, குளிக்காமல் போ என்றேன். அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

“குளிக்காம எப்பிடிக்கா போறது? நாம உப்பு அள்றவங்கன்னாலே மூக்கப் பிடிக்கிறாங்க. நீ அங்க மவராணி, உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என்ன இன்னா பொம்பளன்னு நெனைப்பாங்க?”

மவராணி பக்கத்தில் மாப்பையும் வாளியையும் வைத்துக்கொண்டு, ரொட்டியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். மேலுக்கு வேண்டுமானால் குளி, அங்கே மட்டும் தண்ணீர் காட்டாதே என்று இறங்கி வந்தேன். நான் பயந்த குரலில் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் விட மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். சரி என்றாள், சலிப்பாக.

லூர்து லோடு எடுத்துக்கொண்டு போன மறுநாள் புறப்பட்டாள். பஸ் பெருமுக்கல் தாண்டும்போது எனக்குப் போன் செய்தாள். நல்ல புடவை கட்டி, பவுடர் போட்டு, பூ வைத்திருக்கிறாளாம். பக்கத்து சீட்டுப் பெண் கல்யாணத்துக்கா என்று கேட்டாளாம். ஆமாம் என்று சொல்லிவிட்டேன் என்றாள்.

6

பூஞ்சை இல்லை.

அங்கே இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண்ணாம். மூக்கைப் பிடிக்கவில்லையாம். கழுவாமல் வந்தது நல்லது என்று சொன்னாராம். மாதிரி எடுத்து உடனே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறார். உயிரோடு ஓடுகிற ஒரு கிருமி. சின்னதாக வால் வைத்துக்கொண்டு நெளிந்து நெளிந்து ஓடுமாம். அது உடலுறவில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வருவது. மாத்திரையில் போய்விடும், பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் புருஷனும் சாப்பிட வேண்டும், அவர் சாப்பிடாவிட்டால் திரும்ப வரும், இரண்டு பேருக்கும் சரியாகிறவரை சேரக் கூடாது என்றிருக்கிறார். கூட வேறு எதுவும் இருக்கிறதா என்று ரத்தமும் எடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்றும் இல்லை.

நான் எதைக் கேட்பேன் என்று எனக்கே தெரியும். அதையே கேட்டேன், எப்போது வந்ததாம்? அதைச் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். ஆண்களுக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் உடம்பில் கிடக்கும், பெண்களுக்கும் ரொம்ப காலம் சத்தம் இல்லாமல் இருக்கும், இதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று அமலியின் முகத்தைப் பார்த்தே சொன்னாராம். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பாரு, டாக்டரே சொல்றாங்க, அவருக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியேகூட இருந்திருக்கலாம் என்று பேசிக்கொண்டே போனேன். அவள் உம், உம் என்று கேட்டாள்.

அவளுடைய கவலை அப்போது வேறாக இருந்தது. லூர்துவிடம் எப்படிச் சொல்வது? மாத்திரை சாப்பிடுகிற நாட்களில் குடிக்கக் கூடாது, குடித்தால் வாந்தி எடுத்து உடம்பு படபடவென்று வரும் என்று வேறு டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். லூர்து லோடு இறக்கிவிட்டு வந்தால் அன்று சாயங்காலம் கடைக்குப் போகாமல் இருக்க மாட்டார். எதற்கு மாத்திரை என்று கேட்டால் என்ன சொல்வது, ஏன் குடிக்கக் கூடாது என்று கேட்டால் என்ன சொல்வது, உனக்கு நோய் வந்தால் எனக்கு எதுக்குடி மாத்திரை என்று கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே. நாங்கள் இரண்டு பேரும் போனில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தயார் செய்தோம். டாக்டர் சொன்னதை அப்படியே சொல், யாரையும் குற்றம் சொல்வதாக ஆரம்பிக்காதே என்றேன். எழுதிக் கொடுத்த மாதிரி அவள் சொல்லிப் பார்த்தாள். சின்ன வயதில் மாதா கோயிலில் பூசை மந்திரம் ஒப்பித்த குரல் அது.

7

நேற்று அவளே கூப்பிட்டாள். நான் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினேன்.

லூர்து வந்துவிட்டார். குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். அவள் சோற்றைப் போட்டு, தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் மாத்திரைப் பட்டையை வைத்துவிட்டு, சொல்ல வேண்டிய முதல் வார்த்தைக்காக நின்றிருக்கிறாள். அவர் பட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாராம், எதற்கு என்று கேட்கவில்லையாம். சாப்பிட்டு முடித்தார். ஒன்றைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தார். தட்டில் கை கழுவினார்.

கொஞ்ச நேரத்தில் கூட லாரி ஓட்டுகிற ஆள் ஒருவர் வாசலில் வந்து, கடைக்கு வர்றியா என்று கூப்பிட்டிருக்கிறார். அமலி உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இவரு போவலக்கா. ‘இன்னிக்கு வேணாம்பா, மாத்திர போட்டுருக்கேன்’னு சொல்றாரு. நான் எதையுமே சொல்லல. குடிக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல.”

இதே மாத்திரையை வயிற்றுப்போக்குக்கும் கொடுப்பார்கள், நான் போனில் தேடிப் படித்திருக்கிறேன், எப்போதாவது வயிற்றுக்குச் சாப்பிட்டிருப்பார், அப்போது யாராவது சொல்லியிருப்பார்கள் என்றேன். வேகமாகச் சொன்னேன்.

அமலி நான் முடிக்கும்வரை கேட்டாள்.

“வயித்துக்குன்னு நெனச்சிருந்தா, என் வயித்துக்கு இன்னாடி, நல்லாத்தான இருக்குதுன்னு கேட்டிருப்பாரு இல்லக்கா?”

நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவளும் போனை வைக்கவில்லை.